மூடிக்கொண்ட முன்கண்ணாடி: மாயவரத்து டாக்ஸி ஒன்றின் ஹீட்டர் கோளாறும் கம்பெனியின் பொறுப்பும்

மயிலாடுதுறையில், ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் மாயவரத்தில், ஒரு டாக்ஸிக்காரர். வண்டி ஒன்றுதான், ஓட்டுவதும் அவரே. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, மஞ்சள் போர்டு. ஷோரூமிலிருந்து புதிதாக எடுத்தது, முக்கால்வாசி ஃபைனான்ஸ். பிழைப்பு பெரும்பாலும் நவக்கிரகச் சுற்று. திங்களூரில் ஆரம்பித்து திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம் வரை ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவர்கள்தான் வாடிக்கை. நடு மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். அவருடைய பெயரும் வண்டிக் கம்பெனியின் பெயரும் இங்கே வராது. விவகாரம் சட்டப்படி இன்னும் முடியவில்லை. கோப்பை நான் படித்தது நுகர்வோர் பக்கத்து ஆளாக. அந்தச் சாய்வு எழுத்தில் இருக்கும், தெரிந்தே படிக்கவும்.

வண்டி எடுத்த முதல் ஐப்பசியில் குறை தெரிந்தது. மழை பிடித்ததும் முன்கண்ணாடியின் உள்பக்கம் கீழ் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி ஏறும். புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடி திருகை டீஃபாகருக்கு, அதாவது முன்கண்ணாடிப் படத்துக்குத் திருப்பி, சூட்டை முழுசாக வைத்து, ஏ.சி. பொத்தானையும் அழுத்துவார். வருவது சில்லென்ற காற்று. கொஞ்ச நேரத்தில் உள்பக்கம் தெளியும், ஆனால் வெளிப்பக்கம் மூடிக்கொள்ளும். வைப்பர் போட்டுத் துடைத்தால் துடைத்த இடத்திலேயே மறுபடி படியும். ஏ.சி.யை அணைத்தால் வெளியே தெளிந்து, உள்ளே மறுபடி மூடும். பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர் கையில் ஒரு துண்டைக் கொடுத்துத் துடைத்துக்கொண்டே வரச் சொல்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

சர்வீஸ் சென்டரில் முதல் பதில் இது: "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்குண்ணே? கொடைக்கானலுக்கா ஓட்டுறீங்க?" கவுண்டரில் இருந்த தம்பி கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்துச் சொன்னார். பின்னால் கம்பெனி அனுப்பிய கடிதங்களிலும் இதே எண்ணம் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. ஆகவே சட்டத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

டெல்டாவில் ஹீட்டர் எதற்கு

கண்ணாடியில் ஆவி படிவது குளிரால் மட்டும் நடப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரம் எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் நீராகப் படியுமோ, அதைப் பனிநிலை என்கிறோம். கண்ணாடியின் சூடு அதற்குக் கீழே இறங்கினால் படியும், மேலே இருந்தால் படியாது. சில்லென்ற மோர்ச் செம்பு வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதனால்தான்.

கார்த்திகை மாத விடியற்காலையில் டெல்டாவின் காற்று 22, 23 டிகிரியில் இருக்கும். மழை விட்ட நேரமென்றால் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். அப்போது பனிநிலை அந்த வெப்பநிலைக்கு ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி கீழேதான் நிற்கும். மலைப் பிரதேசத்தில் காற்று சில்லென்று இருந்தாலும் அதில் இருக்கும் மொத்த ஈரம் குறைவு. இங்கே காற்று சில்லிடுவதில்லை, ஆனால் ஈரம் நிரம்பி நிற்கிறது. இந்தக் காற்றில் குளிர்ந்த கண்ணாடியைக் காட்டினால் 20 டிகிரிக் கண்ணாடிகூட மூடிக்கொள்ளும்.

இனி வண்டிக்குள் பார்ப்போம். ஏழு பேர் மூச்சு. ஐப்பசி முழுக்கக் காவிரித் துலாக்கட்டத்தில் முழுகிவிட்டு ஏறுகிறவர்கள், கடைசி நாள் கடைமுழுக்குக்கு வருகிறவர்கள், அதைத் தவறவிட்டுக் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்குக்கு வருகிறவர்கள், திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் தலை முழுகியவர்கள். ஈரத் தலை, பிழிந்த வேட்டி, காலடியில் சேறு. கதவைச் சாத்திய சில நிமிடத்தில் உள்காற்றின் பனிநிலை வெளியே மழை நனைத்துக்கொண்டிருக்கும் கண்ணாடியின் சூட்டைத் தாண்டிவிடும். உள்பக்கம் மூடுவதற்கு வேறென்ன வேண்டும்?

வண்டியை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் டாஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு பெட்டி வேலையை ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார்கள். காற்று முதலில் ஏ.சி.யின் குளிர்க்கூட்டைக் கடக்கிறது. அங்கே அதன் ஈரம் நீராக வடிந்து வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. அப்படிக் காய்ந்த குளிர்காற்று பிறகு என்ஜின் சுடுநீர் ஓடும் ஹீட்டர் கூட்டைக் கடந்து சூடாகி, கண்ணாடியில் போய் அடிக்கிறது. காய்ந்த காற்று உள்பக்கத்து ஈரத்தை உறிஞ்சும். சூடான காற்று கண்ணாடியைப் பனிநிலைக்கு மேலே வைத்திருக்கும், அதனால் வெளிப்பக்கமும் மூடாது. எவ்வளவு காற்று ஹீட்டர் கூட்டின் வழியாகப் போக வேண்டும் என்பதை நடுவில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கதவு தீர்மானிக்கும். அதைத் திருப்புவது கைப்பிடி அளவில் ஒரு சின்ன மோட்டார்.

அந்தக் கதவு குளிர்ப் பக்கமாகவே நின்றுவிட்டால் முதல் பாதி வேலை நடக்கும், இரண்டாம் பாதி நடக்காது. காற்று காயும், ஆனால் சூடேறாது. குளிர்காற்று கண்ணாடியை 17, 18 டிகிரிக்கு இறக்கும், வெளிப்பக்கம் மூடும். நம் டாக்ஸிக்காரர் பட்ட பாடு அச்சு அசலாக இதுதான். கொடைக்கானலில் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் ஆள் நடுங்குவான். டெல்டாவில் வேலை செய்யாவிட்டால் எதிரே வருவது தெரியாது. எது பெரிய குறை என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு தடவை வைத்தீஸ்வரன்கோவில் பக்கம் பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் ஒன்று கண்ணாடியில் துடைத்த வட்டத்துக்குள் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. பிரேக் பிடித்து வண்டி வரப்போரம் இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் நம் ரோடுகளில் இப்படி எத்தனை டிரெய்லர், எத்தனை இடத்தில் காயும் நெல் என்று இங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

ஜாப் கார்டில் என்ன எழுதினார்கள்

கோப்பில் எனக்கு மிகவும் எரிச்சல் தந்தவை ஜாப் கார்டுகள்தான், சர்வீஸ் சென்டரில் குறையையும் செய்த வேலையையும் எழுதும் சீட்டுகள். முதல் கார்டில் வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற இடத்தில் "ஏ.சி. கூலிங் குறைவு" என்று எழுதியிருக்கிறது. அவர் சொன்னது அதற்கு நேர் எதிர். செய்த வேலை: கேபின் ஃபில்டர் மாற்றம், பணம் வாடிக்கையாளரிடம். இரண்டாவது கார்டு: கேஸ் அளவு பார்த்து நிரப்பியது. ஏ.சி. ஏற்கெனவே நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்த வண்டி அது.

மூன்றாம் தடவை அவர் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கிறார். அப்போதுதான் "டீஃபாகர் போட்டால் சூடு வரவில்லை, கண்ணாடி மூடுகிறது" என்று சரியாக எழுதி, கதவைத் திருப்பும் மோட்டாரை வாரன்டியில் மாற்றினார்கள். சில வாரம் நன்றாக இருந்தது. பிறகு டாஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம், மறுபடி குளிர்காற்று. அதே மோட்டாரை மறுபடி மாற்றினார்கள். பொங்கல் கழிந்ததும் வானிலை காய்ந்தது. கோடையில் இன்னொரு தடவை காட்டியபோது "குறை தென்படவில்லை" என்று கார்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி எப்படி மூடும்? சீசன் பார்த்து வருகிற குறையைச் சீசன் இல்லாத நாளில் சோதித்துவிட்டு, இல்லை என்று எழுதுவது சோதனையாகாது. ஆனால் எழுதிய காகிதம் எழுதியதாகவே கோப்பில் உட்கார்ந்துவிட்டது, கம்பெனியின் பதிலில் முதல் வரியாகவும் வந்தது.

அடுத்த ஐப்பசியில் குறை திரும்பி வந்தது. மூன்றாவது மோட்டார். இதற்குள் வாரன்டி கிலோமீட்டர் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. சொந்த வண்டிக்காரர் மூன்று வருஷத்தில் ஓட்டுவதை டாக்ஸி ஒரே வருஷத்தில் ஓட்டிவிடும். கடைசியாகக் கேட்டபோது கிடைத்த பதில்: "இது க்ளைமேட் பிராப்ளம்ணே, எல்லா வண்டிக்கும் இருக்கு."

கும்பகோணத்து பாயின் அரை மணி நேரம்

ஸ்டாண்டில் யாரோ சொல்ல, கும்பகோணத்தில் வண்டி ஏ.சி. வேலை பார்க்கும் ஒரு பாயிடம் போனார். பாய் முதலில் செய்தது, எதையும் கழற்றக் கூடாது என்று முடிவெடுத்தது. "கம்பெனி வாரன்டி உசுரோட இருக்குல்ல, நான் ஸ்க்ரூ தொட்டா உங்க மேல பழி போட்டுருவாங்க தம்பி" என்றாராம். இந்த ஒரு விவேகம் பிறகு வந்த எல்லாச் சண்டையிலும் அவரைக் காப்பாற்றியது.

என்ஜினை நன்றாகச் சூடேற விட்டு, ஹீட்டர் கூட்டுக்குள் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் சுட்டன. ஒன்று சுட்டு இன்னொன்று ஆறியிருந்தால் கூடு உள்ளே அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் சுட்டால் சுடுநீர் தாராளமாக ஓடுகிறது, காற்றுதான் அந்தப் பக்கம் போகவில்லை. திருகை முழுச் சூட்டில் வைத்துக் கண்ணாடி ஓரத்துத் துவாரத்தில் தெர்மாமீட்டரைச் சொருகினார். 14 டிகிரி. எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுக்கச் சொன்னார்.

அப்புறம்தான் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். ஃபேனை முழு வேகத்தில் வைத்துத் துவாரத்துக்கு எதிரே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தார். கறுப்புத் தூள் விழுந்தது. தொட்டால் நசுங்கும் ஸ்பாஞ்ச். கதவின் ஓரங்களில் காற்றுக் கசியாமல் இருக்க ஒட்டும் நுரை நாடா அது. வெப்பத்திலும் ஈரத்திலும் பசை விட்டு, நாடா சுருண்டு, கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. மோட்டார் தள்ளுகிறது, கதவு நகரவில்லை, நைலான் பல்சக்கரத்தின் பல் உடைகிறது. உடைந்த பல் வழுக்கும் சத்தம்தான் அந்த டக் டக். மோட்டாரை மாற்றினால் புதுப் பல் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் அதுவும் உடையும்.

அப்படியானால் மோட்டாரை மட்டும் ஏன் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்? மோட்டார் ஓரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. கதவு பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியை எடுக்க ஏ.சி. கேஸை இறக்கி, கூலன்டை வடித்து, டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். வாரன்டி வேலைக்குக் கம்பெனி டீலருக்குத் தருவது நிர்ணயித்த மணிக்கணக்குக்குரிய கூலி. பத்து நிமிட வேலையா, இரண்டு நாள் வேலையா என்று வரும்போது பட்டறை எதை விரும்பும் என்று சொல்லத் தேவையில்லை. டாஷ்போர்டைக் கழற்றி மாட்டினால் அப்புறம் கிரீச் கிரீச் என்று புதுச் சத்தம் வரும் என்ற பயம் வேறு.

கம்பெனி சொன்ன பதில்கள்

வக்கீல் நோட்டீஸுக்குக் கம்பெனி அனுப்பிய பதிலில் வாதங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்றை நான் மதிக்கிறேன்: கூலன்ட்டுக்குப் பதில் கண்ட தண்ணீர் ஊற்றினீர்களா என்பது. கடலோர டெல்டாவில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றுகிற டிரைவர்கள் நம்மிடையே உண்டு. உப்பும் சுண்ணாம்பும் படிந்து ஹீட்டர் கூட்டை அடைத்துவிடும், அது உற்பத்திக் குறையாகாது, பராமரிப்புக் குறை. கேள்வி நியாயமானது. பாயின் இரண்டு குழாய்ச் சோதனையும், சர்வீஸ் பில்லில் கம்பெனி கூலன்ட் ஊற்றிய பதிவும் அதற்குப் பதில் சொல்லிவிட்டன.

வெளிப் பட்டறை கை வைத்துவிட்டது என்றார்கள். கை வைக்கவில்லை என்பதற்கு வீடியோ இருந்தது. தட்பவெப்பம் என்றார்கள். டெல்டாவின் தட்பவெப்பம் வண்டி விற்கும்போதும் இதேதான். மாயவரத்தில் ஷோரூம் திறந்து வைத்துவிட்டு மாயவரத்து மழைக்குப் பொறுப்பில்லை என்று ஒரு கம்பெனி எப்படிச் சொல்ல முடியும் என்பது எனக்குப் புரியவில்லை.

கடைசி வாதம், இது டாக்ஸி, வணிக நோக்கம், ஆகவே நீங்கள் நுகர்வோரே இல்லை என்பது. பல டாக்ஸிக்காரர்கள் இந்த வரியைப் படித்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது: சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. பழைய சட்டக் காலத்திலேயே, 1995-இல், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. பத்து வண்டி வைத்து டிரைவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் டிராவல்ஸ்காரருக்கு இது பொருந்தாது. நம் ஆளுக்கு அச்சாகப் பொருந்தும்.

எந்தப் பிரிவில் கேட்பது

முதல் நோட்டீஸில் எல்லாவற்றையும் அதே சட்டத்தின் 84-ஆம் பிரிவின் மேல் ஏற்றியிருந்தார்கள். விற்ற பொருளால் வரும் தீங்குக்கு உற்பத்தியாளரின் பொறுப்பைச் சொல்லும் பிரிவு அது. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, நிர்ணயித்த அளவிலிருந்து விலகல், சொன்ன உத்தரவாதத்துக்கு ஒவ்வாமை, சரியான பயன்பாட்டு அறிவுரையும் எச்சரிக்கையும் இல்லாமை என ஐந்து வழியில் உற்பத்தியாளரைப் பிடிக்கலாம். உத்தரவாதம் கொடுத்ததில் கவனக்குறைவோ ஏமாற்றோ இல்லை என்று அவர் காட்டினாலும் தப்ப முடியாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அத்தியாயம் முழுவதும் தீங்கு என்ற ஒன்றின் மேல் நிற்கிறது. 2(22) பிரிவு தீங்குக்குத் தரும் இலக்கணத்தில் பொருளுக்கே வந்த சேதமும், வணிக, பொருளாதார இழப்பும் சேராது. டிராக்டரில் மோதி யாருக்காவது கால் முறிந்திருந்தால் 84 பேசியிருக்கும். மோதவில்லை. ஹீட்டர் கெட்டதும் சவாரி போனதும் மட்டுமே கையில் இருக்கும்போது 84-ஐ மட்டும் நம்பிப் போனால் வாசலிலேயே தடுக்கி விழ வேண்டியிருக்கும்.

இரண்டாவது நோட்டீஸில் வக்கீல் பாதையை மாற்றினார். 2(10) பிரிவின்படி, ஒப்பந்தப்படியோ, விற்பவர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்டபடியோ இருக்க வேண்டிய தரத்தில் வரும் எந்தக் குறைவும் குறைபாடுதான். சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளரும் வணிகரில் அடக்கம். வண்டியோடு வரும் உரிமையாளர் கையேட்டில் டீஃபாகர் பக்கம் இருக்கிறது: இந்தத் திருகை இப்படி வைத்தால் முன்கண்ணாடி தெளியும் என்று கம்பெனியே படம் போட்டு எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து நோட்டீஸோடு சேர்த்தார்கள். இதைவிட எளிமையான சாட்சி கிடைக்காது, யாரும் அந்தப் புத்தகத்தைத் திறப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

என்ன கேட்பது என்பதிலும் ஒரு நிதானம் தேவைப்பட்டது. அவர் முதலில் வண்டியையே மாற்றிக் கொடு என்றார். கோபம் நியாயம், ஆனால் 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாரன்டி நிபந்தனை பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ மட்டும் சொல்லும்போது முழு வண்டியை மாற்றச் சொல்லும் உத்தரவு பொருந்தாது என்றது. மறுபக்கம், 2022-இல் ஹுண்டாய் வழக்கில், விபத்தில் ஏர்பேக் விரியாத காரை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை அதே நீதிமன்றம் நிலைநிறுத்தியது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட வாங்குகிறவர் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. இந்தப் பார்வை நம் வழக்குக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். எந்தக் கதவில் எந்தப் பசை விட்டது என்று கண்டுபிடிப்பது மாயவரத்து டாக்ஸிக்காரரின் வேலை இல்லை. அந்த வேலையைக் கும்பகோணத்து பாய் அரை மணி நேரத்தில் செய்தார் என்றால், வரைபடம் கையில் வைத்திருக்கும் கம்பெனி இரண்டு மழைக்காலமாக ஏன் செய்யவில்லை? என்றாலும் ஏர்பேக் வழக்கில் ஆளுக்கு அடிபட்டிருந்தது. இங்கே வண்டியை மாற்றக் கேட்டால் 2006-ஐக் காட்டுவார்கள். ஆகவே முழுப் பெட்டியையும் மாற்று, கட்டிய பணத்தைத் திருப்பு, போன சவாரிக்கு நஷ்டஈடு கொடு என்று கோரிக்கையைச் சுருக்கினார்கள். இவை எல்லாமே 39-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையம் கொடுக்கக்கூடிய நிவாரணங்கள்.

டீலரா, கம்பெனியா என்ற பிடிவாதமும் நடந்தது. 2021-இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல்கள் எப்போதும் கையில் வைத்திருப்பார்கள்: டீலரும் உற்பத்தியாளரும் தனித்தனி வியாபாரிகள் என்ற உறவு இருந்தால், தனக்குத் தெரியாமல் டீலர் செய்ததற்கு உற்பத்தியாளர் பொறுப்பாக மாட்டார். ஆகவே தெரியப்படுத்துவது முக்கியம். நம் ஆள் இரண்டாவது மோட்டார் மாற்றிய நாளிலேயே கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கி, அதே விவரத்தை மெயிலிலும் அனுப்பியிருந்தார். மகள் உட்கார்ந்து அடித்துக் கொடுத்த மெயில். அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரியாது என்ற வாதத்துக்கு இடமில்லை.

வழக்குப் போடுவதும் பலர் நினைக்கிற மாதிரிச் செலவில்லை. இப்போது ஆணையத்தின் எல்லை கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 10 முதல் 20 லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய். கம்பெனி தலைமையகம் எங்கே இருந்தாலும் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம். கெடு மட்டும் கண்டிப்பு: 69-ஆம் பிரிவுப்படி வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு. ஒவ்வொரு ரிப்பேரும் புதுக் காரணம் என்று வாதாடலாம்தான், ஆனால் முதல் ஜாப் கார்டின் தேதியிலிருந்து எண்ணிக்கொள்வதே பத்திரம்.

இதே குறை வேறு நாட்டில்

முன்கண்ணாடி தெளிவிக்கும் அமைப்பை அமெரிக்கா தனிப் பாதுகாப்பு விதியாகவே வைத்திருக்கிறது. 103-ஆம் எண் தரம். 2022 பிப்ரவரியில் டெஸ்லா 26,681 வண்டிகளை இந்த விதியின் பேரில் திரும்ப அழைத்தது. மென்பொருள் பிழையால் ஹீட் பம்பின் ஒரு வால்வு தப்பாகத் திறந்து, குளிரூட்டும் வாயு ஓரிடத்தில் தேங்கி, கண்ணாடி தெளிய நேரமாகலாம் என்பது காரணம். எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று யாரும் காத்திருக்கவில்லை. கண்ணாடி தெளிய வேண்டிய நேரத்தில் தெளியவில்லை, போதும்.

நம்மிடமும் கதவு இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்த 110ஏ பிரிவு, ஓட்டுநருக்கோ பயணிக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ தீங்கு தரக்கூடிய குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிட வழி செய்கிறது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் விற்ற எண்ணிக்கையில் இத்தனை பேர் புகார் செய்திருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. ஒரு மாயவரத்து ஆள் போடும் புகார் தனியாக நின்று எதையும் அசைக்காது. அவர் போட்டார். ஸ்டாண்டில் அதே மாடல் வைத்திருக்கும் இன்னும் இரண்டு பேரை வெள்ளைத் துணிச் சோதனை செய்யச் சொன்னார், இரண்டிலும் கறுப்புத் தூள் விழுந்தது. ஒரு வண்டியில் பசை விட்டால் அது தொழிற்சாலையில் ஒரு நாள் நடந்த தவறாக இருக்கலாம். மூன்றில் விட்டால் பசையையும் நுரையையும் தேர்ந்தெடுத்த மேசையைத்தான் கேட்க வேண்டும்.

முடிவும் முடியாததும்

இரண்டாவது நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். வீடியோவைப் பார்த்தார், துணியைப் பிடித்துப் பார்த்தார், அதிகம் பேசவில்லை. அடுத்த வாரம் வண்டியை வாங்கி டாஷ்போர்டை இறக்கி முழுப் பெட்டியையும் மாற்றிவிட்டார்கள். காசில்லை.

இந்த இடத்தில் வக்கீல் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தார். பழைய பெட்டி வாரன்டி விதிப்படி கம்பெனிக்குத் திரும்பப் போய்விடும், போனால் சாட்சியும் போகும். ஆணையம் வரை போனால் 38-ஆம் பிரிவின்படி பொருளைச் சீல் வைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம், ஆனால் அனுப்பப் பொருள் வேண்டுமே. கழற்றும்போது தன் கட்சிக்காரர் பக்கத்தில் நிற்பார், படம் எடுப்பார் என்று முன்கூட்டியே எழுதி வாங்கினார். படத்தில் இரண்டு விஷயம் தெரிகிறது. பழைய கதவின் நுரை நாடா பாதி உரிந்து சுருண்டிருக்கிறது. புதுப் பெட்டியின் கதவில் நுரையே இல்லை, ஓரத்தில் ரப்பர் போலக் கதவோடு சேர்த்து வார்த்த விளிம்பு இருக்கிறது. பாக எண்ணின் கடைசி எழுத்தும் மாறியிருக்கிறது. பழைய வடிவம் சரியில்லை என்று கம்பெனிக்குள் யாரோ எப்போதோ முடிவெடுத்துத்தான் இது மாறியிருக்கும் என்பது என் ஊகம். எப்போது எடுத்தார்கள், அதற்குப் பிறகு நம் வண்டிக்கு எத்தனை பழைய மோட்டார் மாட்டினார்கள் என்பதுதான் வழக்கு நடந்தால் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி.

அந்தக் கார்த்திகையில் கண்ணாடி தெளிவாக இருந்தது. ஆனால் பில்லில் "நல்லெண்ண அடிப்படையில் மாற்றம்" என்று போட்டிருந்தார்கள். உற்பத்திக் குறை என்று எழுதக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். ஃபில்டருக்கும் கேஸுக்கும் அவர் முதலில் கட்டிய பணம் திரும்பவில்லை. போன சவாரிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. வண்டியை எடுக்கப் போனபோது ஒரு காகிதத்தை நீட்டினார்கள். குறை முழுத் திருப்தியுடன் தீர்ந்தது, இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அச்சடித்த வரி. "சும்மா ஃபார்மாலிட்டிண்ணே, கையெழுத்துப் போட்டாத்தான் கேட் பாஸ்" என்றார் கவுண்டர் தம்பி. அவர் வக்கீலுக்குப் போன் போட்டுவிட்டு, அந்த வரியைப் பேனாவால் அடித்து, "வண்டியை மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட் பாஸ் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு ஆண்டுக் கெடு முடிய இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது, நஷ்டஈட்டுக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஸ்டாண்டில் இருந்த மற்ற இருவரும் அடுத்த சர்வீஸுக்குப் போனபோது ஜாப் கார்டில் குறையை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும் வரை சாவியைக் கொடுக்காமல் நின்றிருக்கிறார்கள். ஒருவருக்குப் பெட்டி வந்துவிட்டது. இன்னொருவருக்கு மோட்டாரை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.